பாலத்தின் மேல் சேமிக்க முடியாது

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து முத்துலட்சுமி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

"யக்கா, ஈட்டிக்காரி கேம் மூணாம் பாகம் நீங்க டெஸ்ட் பண்ணுனதுதான?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அத புதுசு பண்ணி மறுபடியும் விடப்போறாவளாம். எங்ககிட்ட வந்திருக்கு. எப்படிக்கா இத சரின்னு சொல்லி அனுப்புனிய? கேமரா தூணுக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிடுது. கழுத வாசல்ல மாட்டிக்கிடுது. அதக்கூட விடுங்க. அந்தப் பாலத்துல ஏறுனா எறங்குத வரைக்கும் சேவ் பண்ணவே முடியல. எந்த மடையன் வச்ச வேலைக்கா இது?"

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். "அந்த மடையர் கூட்டத்தில நானும் உண்டு. ஒரு வாரம் பொறு, எழுதித் தாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முத்துலட்சுமிக்கும் அவளோடு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

என் பெயர் கோமதி. அம்மன் பெயரே கோமதி என்பதால் சங்கரன்கோவிலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆபீசில் நான் டைப் கோமதி. கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளுக்கெல்லாம் பூட்டுப் போடும் வரைக்கும் அதில் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பூட்டியதற்காக நான் அழவில்லை, அந்த மிஷின்களின் சத்தம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் கடையநல்லூர் மைதீன் அண்ணாச்சி துபாயிலிருந்து திரும்பி வந்து, விசைத்தறி சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியைப் பிடித்து ஒரு ஆபீஸ் போட்டார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உருவாக்கும் கேம்களைக் கடைக்குப் போகும் முன் ஆடிப் பார்த்து, குறைகளைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவது வேலை. டைப் தெரிந்த, இங்கிலீஷில் பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வாரம் முழுக்கத் திரையில் என் ஈட்டிக்காரி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கன்ட்ரோலரில் இடது கட்டைவிரலுக்கு ஒரு வேலை, வலது கட்டைவிரலுக்கு ஒரு வேலை. போகப் போகப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ராமலட்சுமிக்கு மட்டும் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை. "வெளையாடுததுக்கு சம்பளமாட்டி? சும்மா அளக்காத" என்பாள். ஒரே கதவை நடந்துபோய்த் திறக்க வேண்டும், ஓடிப்போய்த் திறக்க வேண்டும், குதிக்கிற குதியில் திறக்க வேண்டும், கழுதையை முன்னால் விட்டுத் திறக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே கதவு. அவளை ஒருநாள் கூட்டிவந்து உட்காரவைத்திருக்க வேண்டும்.

ஈட்டிக்காரி என்பது கேமின் நிஜப் பெயர் இல்லை. அதை வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் இது. தன் ஊர்க்காரர்களைத் தூக்கிக்கொண்டு போன பூதங்களைத் தேடி ஒருத்தி ஈட்டியோடு மலையேறுகிறாள். கதை அவ்வளவுதான். இதுவரை ஆறு பாகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஆடியவள் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றாம் பாகத்துக்கு இணையாக ஒன்று இல்லை. அதிலிருக்கும் குறைகளுக்கு இணையாகவும் ஒன்று இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் ஈட்டிக்குக் கனம் உண்டு. ஓங்கினால் தோள் பின்னால் போகும், குத்தினால் ஒரு நொடி மாட்டிக்கொள்ளும், காலை ஊன்றி இழுக்க வேண்டும். பின்னால் வந்த பாகங்களில் அவள் ஈட்டியைச் சுழற்றுவதைப் பார்த்தால் ஒட்டடைக் கம்பு ஞாபகம்தான் வருகிறது. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஒன்று அடிக்கும் முன் மூக்கை உறிஞ்சும், ஒன்று இடது காலைத் தேய்க்கும். கவனித்தால் பிழைக்கலாம், பட்டனை வெறிகொண்டு அமுக்கினால் சாகலாம். எங்கே போவது என்று அம்புக்குறி போட்டுக் காட்டமாட்டார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், சேமிப்பு. முதல் இரண்டு பாகங்களில் கிணற்றடிக்குப் போனால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். மூன்றில் எந்த இடத்திலும் சேமிக்கலாம். கன்ட்ரோலரின் மேல்பக்கம் இரண்டு பட்டன்களையும் சேர்த்து ஒரு அமுக்கு, திரையின் மூலையில் குட்டி ஈட்டி ஒன்று மின்னி மறையும், முடிந்தது. மழைக்காலம், வெயில்காலம் பார்க்காமல் கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குறைகள் முத்துலட்சுமி சொன்னவைதான். கேமராவை நானே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். பொதிகழுதையைப் பாதி மலை வரை பத்திரமாகக் கூட்டிப்போக வேண்டும், அது எந்த வாசலைக் கண்டாலும் குறுக்கே நின்றுகொள்ளும். சேமிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு, புதிதாகச் சேமித்தால் பழையது அழியும். அப்புறம் அந்தப் பாலம். மலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் கல்பாலம், வழியெல்லாம் சண்டை, முடிவில் பெரிய பூதம். எந்த இடத்திலும் சேமிக்கலாம் என்று பெருமை பேசும் கேமில் அந்த ஒரு இடத்தில் மட்டும் சேமிக்க முடியாது. அந்தக் குறை முதலில் இல்லை. எங்கள் ஆபீசிலிருந்து போன ஒரு ரிப்போர்ட்டால் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் மைதீன் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கேம் ஆடி நான் பார்த்ததில்லை. நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் குறை ஒன்றைக் கண்டுபிடித்துக் கத்தினால் பக்கத்தில் வந்து மூன்றே கேள்வி கேட்பார். என்ன செஞ்சிய? என்ன நடந்துச்சு? என்ன நடந்திருக்கணும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால்தான் ரிப்போர்ட். "சில நேரம் இப்படி ஆகுது" என்று எழுதினால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். "சில நேரம்னு ஒரு நேரம் கெடையாது தங்கச்சி. எந்த நேரம்னு பாருங்க" என்பார். குரலை உயர்த்தமாட்டார். கோபமோ கவலையோ வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். யாருடைய வேலையிலாவது குறை இருந்தால் பத்துப் பேர் முன்னால் சொல்லாமல் மாடிப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லுவார். அண்ணாச்சி கழற்றிய கண்ணாடியோடு படிக்குப் போகிறார் என்றால் நாங்களெல்லாம் அவரவர் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி படிப்போம்.

மூன்றாம் பாகம் முடியப்போகிற சமயத்தில் அவர் படிக்குக் கூட்டிப்போனது செல்வராஜை.

செல்வராஜுக்கு ஊர் குருவிகுளம் பக்கம். இங்கே விசைத்தறியில் வேலை பார்த்தவன். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. இனி தறிக்கூடத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எங்கள் ஆபீசில் நாங்களெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கன்ட்ரோலரைத் தொட்டவர்கள். அவன் ஒருத்தன்தான் அதற்கு முன்பே ஆடியவன். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கேம் கடைக்குப் போய் ஆடிப் பழகியிருந்தான். அந்த ஒரே தகுதியில்தான் அண்ணாச்சி அவனை எடுத்தார்.

அவன் ஒரு குறை கண்டுபிடித்தான். பாலத்தின் முடிவில் பெரிய பூதத்தை வீழ்த்தினால் அது மண்டியிடும், பாலம் இடியும், ஈட்டிக்காரி அக்கரைக்குத் தாவிவிடுவாள். அதுதான் நடக்க வேண்டியது. செல்வராஜ் ஆடியபோது அவள் தாவவில்லை. இடிந்த கல்லோடு சேர்ந்து கீழே விழுந்தாள். விழுந்துகொண்டே இருந்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் விழுந்துகொண்டுதான் இருந்தாள். சேமிக்க ஒரே இடம் என்பதால் அதுவரை ஆடிய ஆட்டம் மொத்தமும் போயிற்று.

அவன் முறைப்படி எழுதிக்கொடுத்தான், நான் இங்கிலீஷாக்கி அனுப்பினேன். அந்தப் பக்கம் எங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பது ஒரு பெண், நல்ல மரியாதையானவள். எழுதியபடியே செய்து பார்த்தேன், அப்படி நடக்கவில்லை என்று பதில் போட்டாள். டெஸ்ட் செய்பவர்களுக்கு எந்தக் கட்டத்திலிருந்தும் தொடங்கும் வசதி உண்டு, நாங்களும் ஆளுக்கு ஆள் பாலத்தில் ஏறி ஆடிப் பார்த்தோம். யாருக்கும் விழவில்லை. செல்வராஜ் ஆடினாலும் ஒரு தடவை விழுவாள், மூன்று தடவை ஒழுங்காகத் தாவிவிடுவாள். திரையைப் படம் பிடித்து அனுப்பினோம். அதில் அவள் விழுவது தெரிகிறது, ஏன் விழுகிறாள் என்று தெரியவில்லை. மறுபடியும் திரும்பி வந்தது. ஒரே ஆளின் ரிப்போர்ட் இப்படித் திரும்பிக்கொண்டே இருந்தால் அவரை மாற்றச் சொல்லுவார்கள், அது ஒப்பந்தத்திலேயே உண்டு. எங்களுடையது ஒரே புராஜெக்ட் ஓடும் சின்ன ஆபீஸ். மாற்றுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவதுதான்.

படியிலிருந்து செல்வராஜ் திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"என்னடே சொன்னாரு?"

"இன்னும் ஒருக்காதான் அனுப்ப முடியுமாம்க்கா. அதுவும் திரும்புனா அவராலயும் ஒண்ணும் செய்ய முடியாதாம்." கன்ட்ரோலரை எடுத்து மறுபடி மேஜை மேல் வைத்தான். "பொய் சொல்லலக்கா நான். அவ விழுதா. ஏன் விழுதான்னுதான் தெரியல. மறுபடியும் தறிக்குப் போனா எனக்கு மூச்சு நின்னே போயிரும்."

எனக்கு அவன் மேல் பரிதாபமும் அந்த ஈட்டிக்காரி மேல் ஆத்திரமுமாக வந்தது. எழவெடுத்தவள், மற்றவர்களுக்கும் ஒரு தடவை விழுந்து தொலைத்தால் என்ன!

மறுநாள் காலை அண்ணாச்சி எல்லோருடைய வேலையையும் நிறுத்தினார். செல்வராஜைப் பாலத்தில் ஏறச் சொன்னார். எங்களைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"இத்தன நாளா எல்லாரும் திரையத்தான் பாத்திருக்கோம். ஆடுதவன் கைய ஒருத்தரும் பாக்கல. தங்கச்சி, நீங்க திரைப் பக்கமே திரும்பாதிய. டைப் கிளாசுல பிள்ளைகள பாக்குத மாதிரி விரல மட்டும் பாருங்க. அவன் எத அமுக்குதானோ அதச் சொல்லுங்க. மத்தவங்க திரையில என்ன நடக்குதுன்னு சொல்லட்டும்."

கன்ட்ரோலருக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். குத்து, குத்து, விலகல், தாவல் என்று நான் சொல்லச் சொல்ல, பின்னால் ஒருத்தி திரையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் ஆட்டத்தில் அவள் ஒழுங்காகத் தாவினாள். இரண்டாவதிலும் தாவினாள். அண்ணாச்சி டீ வாங்கிவரச் சொன்னார். மூன்றாவது ஆட்டத்தில் "பூதம் மண்டி போடுது" என்று பின்னாலிருந்து குரல் வந்த அதே நொடியில் செல்வராஜின் இரண்டு ஆள்காட்டி விரல்களும் மேல் பட்டன்களை ஒரு சேர அமுக்கின. "சேவ்" என்றேன். "விழுதா! விழுதா!" என்று பின்னால் கத்தினார்கள்.

"நீ இப்போ சேவ் பண்ணுனியா?" என்று கேட்டேன்.

"இல்லியேக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியவில்லை.

"நல்லா யோசிங்க தம்பி" என்றார் அண்ணாச்சி.

அவன் மேல் பட்டன்களை மறுபடி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். பிறகுதான் சொன்னான். கேம் கடையில் கரண்டுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒருநாள் வேறொரு கேமில் பெரிய பூதம் ஒன்றைக் கொன்ற சந்தோஷத்தில் கையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சேமித்து வைத்திருந்ததும் சேர்ந்து கெட்டு, பல நாள் ஆடியது எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து பூதம் சாயத் தொடங்கியதுமே சேமித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. மூச்சு விடுவதை யாராவது ரிப்போர்ட்டில் எழுதுவார்களா? அவனும் எழுதவில்லை. பூதம் செத்ததும் கேமே தானாக ஒரு தடவை சேமித்துக்கொள்ளும், அதற்கும் மூலையில் அதே குட்டி ஈட்டிதான் மின்னும். அதனால் படத்தைப் பார்த்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. பூதம் மண்டியிட்டு முடிப்பதற்குள் விரல் முந்திக்கொண்டால் அவள் தாவ வேண்டியதைக் கேம் மறந்துவிடுகிறது, பிந்தினால் ஒன்றும் ஆவதில்லை.

நான் முயன்றேன், விழுந்தாள். அடுத்து உட்கார்ந்தவளுக்கும் விழுந்தாள். ஆபீஸே கைதட்டியது. ஒரு பெண் கீழே விழுந்து சாவதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

அண்ணாச்சி மட்டும் கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்வராஜோடு என்னையும் படிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இத அனுப்புனா ஒங்க பேரு சுத்தமாயிரும். அதுல சந்தேகம் இல்ல. ஆனா கேம் டிஸ்க்குத் தட்டு அச்சுக்குப் போற நேரம். அந்தக் காட்சிய பிரிச்சுச் சரி பண்ண அவங்களுக்கு இப்போ நேரம் இருக்காது. என்ன செய்வாங்க? பாலத்துல யாரும் சேவ் பண்ண முடியாதபடி அடச்சிருவாங்க. கரண்ட் போகாத ஊருக்காரனுக்கு அது பெருசாத் தெரியாது. பாலத்து நடுவுல கரண்ட் போனா மொதல்லேருந்து ஏறணும்னு கஷ்டப்படப் போறது நம்மாளுகதான். அனுப்பத்தான் போறேன், அது வேல. ஆனா அனுப்பும்போது அடைக்காதிய, தள்ளிப்போட்டாவது சரி பண்ணுங்கன்னு சேத்து எழுதவான்னு கேக்கேன். எழுதுனா, நாமளே அடைக்க வேண்டாங்கோம், அப்போ இது அவ்வளவு பெரிய குறை இல்லன்னு நெனச்சு அப்படியே விட்டாலும் விட்டுருவாங்க."

எனக்கு அடைக்கக் கூடாது என்றுதான் தோன்றியது. மூன்றாம் பாகத்தில் இருப்பதிலேயே நல்ல விஷயத்தில் நாமே ஓட்டை போடுவதா? செல்வராஜ்தான் பதில் சொன்னான்.

"மறுபடி ஏறுதது கஷ்டம்தான் அண்ணாச்சி. ஆனா ஏறிரலாம். மொத்தமும் போறது வேற. கடையில எனக்குப் போனப்போ ரெண்டு நாளு சோறு எறங்கல. பூதம் சாயும்போது சேவ் பண்ணுதவன் எவன்? ஏற்கனவே ஒருக்கா தொலச்சவன்தான் பண்ணுவான். அவனுக்கே மறுபடியும் தொலையணுமா? அடச்சா அடச்சிட்டுப் போறாவ. அப்படியே அனுப்புங்க."

அண்ணாச்சி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பாராட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உள்ளே வந்து நான் டைப் அடித்தேன். அன்றைக்கே பதில் வந்தது. எங்களுக்கும் விழுகிறாள், மிக்க நன்றி என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தாள்: பூதம் சாகிற நேரத்தில் ஒருவர் எதற்காகச் சேமிக்க வேண்டும்? அண்ணாச்சி சொல்ல நான் ஒரே வரியில் பதில் அடித்தேன். எங்கள் ஊரில் கரண்ட் போகும்.

அண்ணாச்சி சொன்னபடியே பாலத்தை அடைத்துவிட்டார்கள். முத்துலட்சுமி, நீ கேட்ட மடையன் கதை இதுதான். இப்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது, அந்தக் காட்சியைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லி எழுதுங்கள், பாலத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கேமராவுக்கும் ஒரு வழி செய்யச் சொல்லுங்கள். ஈட்டியின் கனத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

கேம் கடைக்கு வந்ததும் எங்களுக்கு நாலைந்து தட்டுகள் அனுப்பியிருந்தார்கள். செல்வராஜ் ஒன்றை ஊருக்கு எடுத்துப்போனான், வீட்டில் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தான். திங்கட்கிழமை வந்தவனைச் சுற்றிக்கொண்டோம்.

"என்னடே, முடிச்சிட்டியா?"

"எங்க முடிக்க? பாலத்துல கரண்ட் போயிட்டுக்கா."

"அய்யய்யோ. பொறவு?"

"பொறவு மொதல்லேருந்து ஏறுனேன். பூதம் பாதி சாஞ்சிருக்கும், மறுபடியும் போயிட்டு. கை தானா சேவ் அமுக்குது, அது கேக்க மாட்டேங்கு. எம்பொண்டாட்டி உருண்டு உருண்டு சிரிக்கா. எந்தப் பாவி இதுல சேவ எடுத்தான்னு கேக்கா. நாந்தான்னு சொல்லுதேன், நம்பவே மாட்டேங்கா."

அண்ணாச்சி உட்பட எல்லோரும் சிரித்தோம். செல்வராஜும் சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னான்.

"ஆனா ஒண்ணுக்கா. ஒவ்வொரு தடவ கரண்ட் வந்து போட்டுப் பாக்கும்போதும், பாலத்துக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்னுக்கிட்டிருக்கா. ஈட்டி, கழுத, அதுவரைக்கும் சேத்தது எல்லாம் இருக்கு. ஒண்ணும் அழியலக்கா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைய வேலையைத் திறந்தான்.